கேது கணக்கில் ஒரு சாவு

கொடியில் குழந்தையின் துணிகள் காய்ந்திருக்கும், எடுத்து வருகிறேன் என்று சொல்லிவிட்டு என் கணவர் புறக்கடைப் பக்கம் போனார். ஞாயிற்றுக்கிழமை மாலை. வெயில் இன்னும் இறங்கவில்லை. ஒரு பௌதிகப் பேராசிரியர் மாமியார் வீட்டில் மூத்திரத் துணி எடுக்கப் போவதைப் புதுச்சத்திரம் அதுவரை கண்டதில்லை. பக்கத்து வீட்டு மாரக்காள் வேலிக்கு அந்தப் புறமிருந்து, "ஏனுங்க சாமி, சேலத்துக் காலேஜுல இதுக்கும் சேத்துத்தான் சம்பளம் தாராங்களா?" என்று கேட்டாள்.

"இல்லைங்க, இது கௌரவப் பதவி" என்றபடி அவர் நடந்தார்.

அதற்குப் பிறகு நடந்ததைச் சொல்வதற்கு முன், கல்லூரி நடக்க வேண்டிய நாட்களில் அவர் ஏன் அங்கே இருந்தார் என்பதைச் சொல்ல வேண்டும். 1962 பிப்ரவரித் தொடக்கத்தில் எட்டுக் கிரகங்கள் மகர ராசியில் ஒன்றுசேரும், மூன்று நாளில் உலகம் அழியும் என்று ஜோசியர்கள் சொல்லியிருந்தார்கள். இப்போது கேட்டால் யாரும் தாங்கள் நம்பியதாக ஒப்புக்கொள்வதில்லை. அன்று நம்பாத ஆளாக நான் பார்த்தது ஒருவரைத்தான். அவர் வேலை பார்த்த கல்லூரி, மாணவர் வருகை குறைவு என்று காரணம் சொல்லி விடுமுறை விட்டது. அவருடைய துறைத் தலைவர் குடும்பத்தோடு ராமேசுவரம் போய்விட்டார்.

"இத்தனை வருஷமா நியூட்டனை நடத்துறவர், மாமா" என்று என் கணவர் என் அப்பாவிடம் சொன்னார். "மூணு விதியும் தலைகீழாச் சொல்வார். கையில ஒரு தாயத்தும் கட்டியிருக்கார். அது நாலாவது விதி போல."

நான் தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்திருந்தேன். அமலிக்கு அப்போது ஒரு மாதம். அப்பா சவரியார் நெடுஞ்சாலை இலாகாவில் மேஸ்திரியாக இருந்து ஓய்வு பெற்றவர். தான் போட்ட ரோட்டை விட்டுப் பிரிய மனமில்லாமல், சேலம் நாமக்கல் சாலையை ஒட்டியே வீடு கட்டிக்கொண்டவர். வெள்ளிக்கிழமை மாலை கடைசி பஸ்ஸில் என் கணவர் வந்து இறங்கினார். ஞானதாஸ் என்பது அவர் பெயர். இறக்கிவிட்ட கண்டக்டர், "இனி செவ்வாக்கெழமதானுங்க வண்டி, அதுவும் ஒலகம் இருந்தா" என்றானாம். "இல்லேன்னா யார்கிட்ட வந்து புகார் குடுக்கணும்?" என்று இவர் கேட்டிருக்கிறார்.

அவருடைய ஏளனத்துக்கு எல்லோரும் சமம். அப்போது தேர்தல் காலம். எங்கள் தொகுதியில் முக்கியமானவர்கள் இரண்டு பேர் நின்றார்கள். ஒருவர் கதர்க்காரர். நாட்டைக் கிரகங்களிடமிருந்து காப்பாற்ற நாமக்கல்லில் யாகம் நடத்திக்கொண்டிருந்தார். இன்னொருவர் சாமியே இல்லை என்று மேடைக்கு மேடை பேசுகிறவர். அந்த மூன்று நாளும் அவருடைய ஜீப் எங்கள் பக்கம் வரவில்லை. "அரசியல்வாதியும் கிரகமும் ஒண்ணு, மேரி" என்பார் என் கணவர் என்னிடம். "ரெண்டுக்கும் சொந்தமா வெளிச்சம் கிடையாது. ஆனா ஜனங்க ரெண்டையும் அண்ணாந்து பாத்துட்டே இருக்காங்க." அணு உலை கட்டப் போகிறோம் என்கிற நாடு அதன் அடிக்கல்லுக்கு ராகுகாலம் பார்க்கிறது என்றும், இரண்டில் எதை நிஜமாக நம்புகிறது என்று அதற்கே தெரியாது என்றும் சொல்வார். எங்கள் மாதா கோயில் பங்குச் சாமியாரையும் விடவில்லை. ஜோசியம் பாவம் என்று பிரசங்கம் செய்த சாமியார், அந்த மூன்று நாளும் கோயிலில் விசேஷ ஆராதனை வைத்திருந்தார். "நமக்கு நம்பிக்கை இல்லை, ஆனா சனங்க பயப்படுறாங்க" என்றாராம். "எல்லாருக்கும் அடுத்தவன்தான் பயப்படுறான்" என்றார் என் கணவர்.

அவரால் ஏளனம் செய்ய முடியாத ஒரே ஆள் அமலிதான். முயற்சி செய்து பார்த்தார். "கண்ணை ஒரு இடத்துல நிறுத்தத் தெரியாது. கை தன்னோடதுன்னு தெரியாது. இதுக்கு ஜாதகம் எழுதணுமாம்." என் அம்மா சகாயம்மாள், ஞாயிறு பூசை தவறாதவள், மாரக்காளோடு போய்க் குழந்தையின் பிறந்த நேரத்தை ரகசியமாக ஒரு ஜோசியரிடம் கொடுத்திருந்தது அவருக்குத் தெரிந்துவிட்டது. "பிறந்த நேரம்னா எது அத்தை? தலை வந்த நேரமா, கால் வந்த நேரமா, அழுத நேரமா? நடுவுல சந்திரன் எவ்வளவு தூரம் ஓடியிருக்கும் தெரியுமா?"

"அழுத நேரமுங்க மாப்பிள்ளை" என்றாள் அம்மா, சந்தேகமே இல்லாமல்.

தூளியின் கயிற்றை இறக்கிக் கட்டியவர் அவர். கயிறு நீண்டால் ஆட்டம் நிதானமாகும், குழந்தை எத்தனை கனத்தாலும் ஆட்டத்தின் வேகம் மாறாது என்று கையில் கடிகாரத்தோடு எனக்கு விளக்கினார். குழந்தை தூங்கிய பிறகு அதன் மூக்கருகே விரலை வைத்து மூச்சு வருகிறதா என்று பார்ப்பார். பார்த்துவிட்டு என்னைப் பார்த்து முகத்தைச் சுளிப்பார், நான் ஏதோ சொல்லிவிட்ட மாதிரி. சனிக்கிழமை அமலி தும்மினாள். "நூறு" என்று அவர் வாய் தானாகச் சொல்லிவிட்டது. அம்மா அடுப்படியிலிருந்து, "பௌதிகத்துல இருக்குதுங்களா மாப்பிள்ளை இது?" என்றாள். அவர் தூளியை ஒரு தரம் ஆட்டிவிட்டார். பிறகு, "புத்திசாலித்தனம் எல்லாம் குழந்தை பிறக்கிற வரைக்கும்தான் போல" என்றார். அந்த ஒரு பேச்சில் மட்டும் ஏளனம் அவர் பக்கமாகத் திரும்பியிருந்தது.

ஞாயிறு காலையில்தான் மாரக்காளுக்குக் கிரக சேர்க்கையை விளக்கினார். காவேரியில் முழுகுவதற்காக ஊரே வண்டி கட்டிக்கொண்டு பரமத்தி வேலூர்ப் பக்கம் போய்க்கொண்டிருந்தது. தூரத்தில் வந்த இரண்டு மாட்டு வண்டிகளைக் காட்டி, "ஒண்ணை ஒண்ணு இடிச்சுக்கிட்டு வர மாதிரித் தெரியுதுங்களா?" என்றார்.

"ஆமாங்க."

"கிட்ட வரட்டும்."

முதல் வண்டி எங்கள் வீட்டைத் தாண்டிப் போனது. மாரக்காள் வெற்றிலை போட்டு, மென்று, துப்பிய பிறகுதான் அடுத்தது வந்தது.

"கிரகமும் இப்படித்தான். ஒரே திசையில நிக்குது, ஒரே இடத்துல இல்ல. அதுவும் எட்டு இல்ல, ஏழு. கேதுன்னு ஒண்ணு கிடையவே கிடையாது. சூரியன் போற தடமும் சந்திரன் போற தடமும் வெட்டிக்கிற இடத்துக்குக் கேதுன்னு பேர் வெச்சிருக்காங்க. ரெண்டு ரோடு சேர்ற முக்கு மாதிரி. முக்கு வந்து யாரையாவது கடிக்குமா?"

"கேது பாம்புங்க சாமி" என்றாள் மாரக்காள் மெதுவாக. "அப்படிச் சொல்லாதீங்க."

மாரக்காள் நல்லவள். எனக்குப் பிரசவ வலி வந்தபோது என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தவள் அவள்தான். கேதுவுக்குச் சாந்தி என்று ஒரு மாதமாக எங்கள் வேலியோரப் புற்றில் பாலும் முட்டையும் வைத்துக்கொண்டிருந்தாள். அவளைப் பார்த்து இன்னும் நாலைந்து வீட்டார் அதே புற்றில் வைத்தார்கள். முட்டைக்குப் பெருச்சாளி வந்தது. பெருச்சாளிக்கு எது வரும் என்பதைச் சொல்லப் பௌதிகம் வேண்டியதில்லை.

ஞாயிறு மாலை, துணிகளை மார்போடு அணைத்தபடி அவர் திரும்பி வந்தார். ஒரு துணி காற்றில் வேலியோரம் விழுந்து கிடந்தது, குனிந்து எடுத்தபோது கையில் கடித்துவிட்டது என்றார். படம் எடுத்ததைப் பார்த்தாராம், நல்ல பாம்பு. துணிகளைக் கட்டில் மேல் வைத்துவிட்டு, "இதை மறுபடி அலசணும், மண் ஒட்டியிருக்கு" என்றார். மணிக்கட்டுக்குக் கீழே இரண்டு புள்ளி. நான் தூளிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். அப்பா தன் துண்டைக் கிழித்து அவர் கையில் கட்டிவிட்டுச் செருப்புப் போடாமல் ஓடினார்.

ஊரில் கார் வைத்திருந்தவர் சின்னண்ணன் ஒருவர்தான். வாடகைக்கு ஓட்டுவார். கார் கொட்டகைக்குள்தான் நின்றது. நாலு சக்கரத்துக்கு அடியிலும் எலுமிச்சம்பழம், மேலே மஞ்சள் துணி.

"கார் இருக்குதுங்க மேஸ்திரி. சாவிதான் இல்லீங்க" என்றார் சின்னண்ணன்.

"எங்கே?"

"கருப்பனார் பாதத்துல வெச்சிருக்குதுங்க. மூணு நாளைக்கு வண்டியெல்லாம் அவரு பொறுப்பு. கோயில் பூட்டிக் கெடக்குது, பூசாரி காவேரிக்குப் போயிருக்காரு."

"பூட்டை உடைப்பா."

"கருப்பனார் கோயில் பூட்டையுங்களா?"

அப்பா கருப்பனார் கோயிலுக்கே போனார். கையால் திருகினால் வந்துவிடும் பூட்டு. சின்னண்ணனும் பின்னாலேயே வந்து, அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். உடைத்தால் ஊர் அழிந்துவிடும் என்று அழுதார். அப்பா அவரை உதறிவிட்டுப் பூட்டை உடைத்து, சாவிக் கொத்தை எடுத்து நீட்டினார். சின்னண்ணன் அதை வாங்கவில்லை. காலுக்குக் கீழே விழுந்ததைக் குனிந்து எடுக்கவும் இல்லை. வேறு ஓட்டத் தெரிந்தவர்கள் எல்லாம் ஆற்றில் முழுகிக்கொண்டிருந்தார்கள்.

அதன் பிறகு அப்பா ரோட்டுக்கு வந்து நின்றார். எந்நேரமும் லாரி ஓடுகிற அந்தச் சாலையில் நாய் படுத்திருந்தது. வந்த ஒரு லாரியும் நிற்காமல் போனது. பொழுது சாயும் நேரத்தில் இன்னொன்று நின்றது. ஓட்டி வந்தவர் சேலத்துக்காரர், பரக்கத் அலி. கரூருக்குச் சரக்கு ஏற்றிப் போகிறவர். குழந்தையை அம்மாவிடம் விட்டுவிட்டு நானும் அப்பாவும் என் கணவரோடு ஏறினோம். என் கணவருக்கு அதற்குள் இமைகள் கனத்துவிட்டன. நாக்கும் தடித்திருந்தது.

"பாய், உங்களுக்கு எட்டுக் கிரகமும் கிடையாதா?" என்றார்.

"எங்களுக்கு ஒரே ஆள்தான்யா. நீங்க பேசாம வாங்க" என்றார் பரக்கத் அலி. ஆனால் அவருடைய லாரியின் முகப்பிலும் எலுமிச்சம்பழம் தொங்கியது. முதலாளி கட்டினதுங்க என்றார், நான் கேட்காமலே.

என் கணவர் என் தோளில் சாய்ந்திருந்தார். ஒவ்வொரு சொல்லாகத்தான் வந்தது. "நான் செத்தா இதைக் கேது கணக்குல எழுதிடுவாங்க, மேரி. விடாதே. பாம்பு கடிச்சுது. வண்டி கிடைக்கல. அவ்வளவுதான்." கொஞ்ச நேரம் கழித்து, "குழந்தைகிட்டயும் சொல்லிடு" என்றார். நாமக்கல் மலை தெரிகிற இடத்துக்கு லாரி வந்தபோது அவர் மூச்சு நின்றுபோயிருந்தது. பரக்கத் அலி வண்டியை நிறுத்தவில்லை. ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் அதே வேகத்தில் ஓட்டினார்.

உலகம் அழியவில்லை. செவ்வாய்க்கிழமை பஸ் ஓடியது. காவேரிக்குப் போனவர்கள் ஈரத்துணியோடு திரும்பினார்கள். யாகத்தால் நாடு பிழைத்தது என்று கதர்க்காரர் நோட்டீஸ் அடித்தார். மூன்று நாள் அழிவுக்குக் காத்திருந்துவிட்டு, ஒன்றும் நடக்கவில்லை என்று வீடு திரும்ப யாருக்குத்தான் மனம் வரும்? அவர்களுக்கு ஒரு பேராசிரியர் கிடைத்தார். கேது இல்லை என்று சொன்னவரைக் கேதுவே வந்து கொத்திவிட்டுப் போனது. இதைவிடக் கச்சிதமாக எந்த ஜோசியனாலும் எழுத முடியாது. அவரைப் பார்த்தே இராத ஊர்களிலும் இந்தக் கதையைச் சொன்னார்கள். குமாரபாளையத்திலிருந்து துக்கம் கேட்க வந்த என் சித்தி, பஸ்ஸில் தன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவளே தனக்கு அதைச் சொன்னதாகச் சொன்னாள்.

சின்னண்ணனும் துக்கம் கேட்க வந்தார். "நான் வண்டிய எடுத்திருந்தா என்னையும் சேத்துத் தூக்கியிருக்குமுங்க" என்றார். அதை அவர் ஆறுதலாகத்தான் சொன்னார். நான் உள்ளே போய்விட்டேன்.

பங்குச் சாமியார் தேவ சித்தம் என்றார். தேவ சித்தம் கருப்பனார் கோயில் பூட்டு வழியாகவா வந்தது என்று கேட்டேன். துக்கத்தில் பேசுகிறேன் என்று மன்னித்துவிட்டார்.

சாமி இல்லை என்கிற வேட்பாளர் மாலையோடு ஜீப்பில் வந்தார். என் கணவர் பகுத்தறிவுக்குப் பலியானவர் என்றார். மேடையில் நான் வந்து உட்கார்ந்தால் போதும், பேச வேண்டாம் என்றார்.

"அந்த மூணு நாளும் இந்த ஜீப் எங்கீங்க நின்னுச்சு?" என்று கேட்டேன்.

"கூட்டம் வராதும்மா. ஜனங்க பயந்துட்டு இருந்தாங்க."

"அந்த மூணு நாள்ல ஒரு நாள் இந்த ரோட்டுல போயிருந்தீங்கன்னா மேடையில அவரே வந்து உக்காந்திருப்பாருங்க. பேசவும் பேசியிருப்பாரு."

அவர் மாலையை எங்கே வைப்பது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு நாற்காலியில் வைத்துவிட்டுப் போனார்.

இவர்களையெல்லாம் நான் சமாளித்துக்கொண்டேன். அம்மாவைத்தான் சமாளிக்க முடியவில்லை. அவள், "என் மருமகனே" என்று அழுததில் பொய் இல்லை. ஆனால் அமலிக்குப் பால் புகட்ட என்னிடம் கொண்டுவரும்போது குழந்தையின் முகத்தை ஒரு மாதிரி பார்த்தாள். அந்தப் பார்வை எனக்குப் புரிந்தது. பிறந்து ஒரு மாதத்தில் அப்பனை முழுங்கிய குழந்தை. ஜோசியர் சொல்லி அனுப்பியிருந்தாராம்: கிரகம் குழந்தையைத் தேடித்தான் வந்தது, தகப்பன் குறுக்கே நின்றுவிட்டார், அது மறுபடியும் வரும்.

ஒரு நாள் காலை குளித்துவிட்டு வந்தபோது தூளி காலியாக இருந்தது. வாசலில் பெண்கள் கூடி நின்றார்கள். அம்மா அமலியைக் கையில் வைத்திருந்தாள். எதிரே மாரக்காள் முறத்தில் தவிட்டோடு நின்றாள். தோஷமுள்ள குழந்தையைத் தவிட்டுக்கு விற்றுவிட்டு, பிறகு வாங்கியவளிடமிருந்து திரும்ப வாங்கிக்கொள்வார்கள். பெற்றவளுக்கு அது பிள்ளை இல்லை என்றாகிவிடும். தேடி வருகிற கிரகம் ஏமாந்து போய்விடும். அதன் பிறகு அந்தக் குழந்தைக்கு ஊரில் தவுட்டாயி என்றுதான் பெயர், சாகிற வரைக்கும்.

"மேரி, நீ உள்ளே போ. பெத்தவ பாக்கக் கூடாது" என்றாள் அம்மா.

நான் போகவில்லை. "ஒலகத்தையே அழிக்க வந்ததுன்னீங்க. ஒரு மொறம் தவிட்டுல ஏமாந்துடுமா அது? இவ்வளவு கூறு கெட்டதுக்கா ஊரே ஆத்துல போய் முழுகுனீங்க?"

மாரக்காள் யோசித்துவிட்டு, "ஏமாறுமுங்க மேரி" என்றாள். "எட்டும் ஆம்பளைங்கதானுங்களே."

யாரோ சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. அவர் இறந்த பிறகு எனக்கு வந்த முதல் சிரிப்பு. இதைக் கேட்டிருந்தால் எத்தனை நாள் சொல்லிச் சொல்லிச் சிரித்திருப்பார் என்று நினைத்தபோது அது அழுகையாக மாறிவிட்டது. அழுதபடியே போய் அம்மாவின் கையிலிருந்து குழந்தையை வாங்கினேன். "இது தவிட்டுக்கு வித்த பிள்ளைன்னா, இவ அப்பாவைக் கேதுதான் கொன்னுச்சுன்னு நானே எழுதிக் குடுத்த மாதிரி. அது நடக்காது" என்றேன்.

"நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா?" என்றாள் அம்மா. அவள் கை இன்னும் குழந்தையின் காலை விடவில்லை. நாளைக்கு எதுவும் ஆகாது என்று எந்தப் பௌதிகமும் உத்தரவாதம் கொடுப்பதில்லை. கொடுப்பவர்கள் ஜோசியர்கள்தான்.

"ஆச்சுன்னா எதனால ஆச்சோ அதையே சொல்லுவோம்" என்றேன்.

மாரக்காள் தவிட்டை எடுத்துக்கொண்டு போய் மாட்டுக்கு வைத்தாள். மாட்டுக்குத் தோஷம் ஒன்றும் தொற்றவில்லை.

அந்த மாதக் கடைசியிலேயே நான் குழந்தையோடு சேலத்துக்குப் போய்விட்டேன். கன்னியாஸ்திரிகள் நடத்தும் பள்ளியில் வேலை கிடைத்தது. புதுச்சத்திரத்தில் கதை மாறவில்லை. விடாதே என்றார்; நான் விடவில்லை; ஆனால் ஒரு ஊர் முழுக்கச் சொல்கிற கதையை ஒருத்தி எத்தனை வாயை மூடித் தடுப்பது? லீவுக்குப் போகும்போது வாசலில் அமலியைக் கண்டால், வெளியே கிளம்பியவர்கள் ஏதோ மறந்துவிட்டது போல வீட்டுக்குள் திரும்புகிறார்கள். சின்னண்ணன் அவர்களில் ஒருவர்.

போன வருஷம் மனிதன் சந்திரனில் இறங்கிவிட்டான் என்று எங்கள் பள்ளியில் மிட்டாய் கொடுத்தார்கள். எட்டில் ஒருவர் மேல் ஏறி நடந்து, அவருடைய மண்ணையும் அள்ளிக்கொண்டு வந்துவிட்டார்கள். மிட்டாய் கொடுத்த தலைமையாசிரியை, மறு வாரம் தன் தம்பிக்குப் பெண் பார்க்கச் சந்திரபலம் சரியில்லை என்று பயணத்தைத் தள்ளி வைத்தார்.

அடுத்து வந்த லீவில் நானும் அமலியும் நாமக்கல்லுக்குப் பஸ்ஸில் போனோம். புதுச்சத்திரம் தாண்டியதும் அவள், "அப்பாவைக் கேது கடிச்சுதுன்னு பாட்டி சொல்றாங்க" என்றாள்.

"பாம்பு கடிச்சுது. வண்டி கிடைக்கல" என்றேன்.

"வண்டி கிடைச்சிருந்தா?"

"நாமக்கல்லுக்குச் சீக்கிரம் போயிருப்போம்."

"அது எவ்வளவு தூரம்?"

நான் ஜன்னல் வழியே காட்டினேன். ரோட்டோரத்தில் பழைய மைல் கற்களைப் பிடுங்கிவிட்டுக் கிலோமீட்டர் கற்களை நட்டிருக்கிறார்கள். எண்கள் பெரிதாகிவிட்டன. தூரம் அதேதான்.